அறுபதா, அறுபத்தொன்றா? பைத்தானில் தேதியும் நேரமும் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டம் சின்னமுட்டத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மைத்துனருக்கு ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். படகு எப்போது போனது, எப்போது திரும்பியது, டீசல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தில் இருந்ததைக் கணினிக்கு மாற்றும் வேலை. முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள்? ஏப்ரல் 15 தொடக்கம், ஜூன் 14 முடிவு என்று கொடுத்தேன். நிரல் 60 என்றது.

“மச்சான், அறுபத்தொரு நாள் என்று எங்கள் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உம்முடைய கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?” என்றார்.

கணினி தவறு செய்யவில்லை. நான் கேட்டதற்குச் சரியான விடையைத்தான் சொன்னது. கேட்ட விதம்தான் தவறு. தேதிக் கணக்கில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நிரல் நின்றுபோகாது, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வராது. விடை மட்டும் ஒரு நாளோ, ஐந்தரை மணி நேரமோ, சில சமயம் நூறு ஆண்டோ தள்ளி நிற்கும். அந்தத் தவறுகளை எல்லாம் நான் ஒரு சுற்று செய்து முடித்துவிட்டேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். நேர மண்டலங்களுக்கான தொகுதி அந்தப் பதிப்பில்தான் மொழியோடு சேர்ந்து வந்தது. பைத்தானின் சொற்களை இங்கே தமிழ் ஒலியில் எழுதுகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஆனால் நீங்கள் சூட்டும் மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று எழுதினால் நிரல் அப்படியே ஓடும். வேலைக்குப் போகும் இடத்தில் வேண்டாம். வீட்டு நிரலுக்கு இதைவிட வசதி இல்லை.

முதல் வரி இது:

ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட், டேட்டைம், டைம்டெல்ட்டா

டேட்டைம் என்ற பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவது தொகுதியின் பெயர், இரண்டாவது அதற்குள் இருக்கும் ஒரு வகையின் பெயர். வீட்டுப் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றாக இருப்பது போல. டேட் என்பது தேதி மட்டும். டேட்டைம் என்பது தேதியும் நேரமும் சேர்ந்தது. டைம்டெல்ட்டா என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

இன்னொன்று: உங்கள் கோப்புக்கு ‘டேட்டைம்’ என்றோ ‘காலண்டர்’ என்றோ பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் தன்னுடைய தொகுதியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே திறந்து பார்க்கும். அதன்பின் வரும் பிழைச் செய்தியைப் படித்து நான் ஒரு மாலைப் பொழுதை முழுதாகத் தொலைத்திருக்கிறேன்.

வேலியும் தூணும்

தொடக்கம் = டேட்(2026, 4, 15)
முடிவு = டேட்(2026, 6, 14)
பிரிண்ட்((முடிவு - தொடக்கம்).டேஸ்)

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை மாறக் கூடாது. ஏப்ரல் மாதத்தை 04 என்று அடித்தால் பைத்தான் 3 மறுத்துவிடும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடக் கூடாது, வெறும் 4 போதும்.

விடை 60. ஏனென்றால் கழித்தல் இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கிறது. பத்தடி வேலிக்கு அடிக்கொரு தூண் நட்டால் பதினொரு தூண் வேண்டும் அல்லவா? தடைக்காலத்தில் முதல் நாளும் தடை, கடைசி நாளும் தடை. நாம் தூண்களை எண்ண வேண்டும், இடைவெளிகளை அல்ல. அதனால் விடையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். வட்டிக் கணக்கில் இது தலைகீழ்: 15ஆம் தேதி கடன் வாங்கி 16ஆம் தேதி திருப்பினால் ஒரு நாள் வட்டிதான், அங்கே கழித்தலே சரி. எந்த நேரத்தில் ஒன்றைக் கூட்டுவது என்பதை மொழி உங்களுக்குச் சொல்லித்தராது. தொழில் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

61 என்ற எண்ணையே நிரலில் அடித்து வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் 2016 வரை தடை 45 நாள்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017இல்தான் 61 ஆனது. தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொள்ளுங்கள், நாட்களை நிரல் எண்ணட்டும்.

நம் மாவட்டத்தில் கணக்கு இன்னும் சுவையானது. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரை. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவும் 61 நாள்தான். இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடாத நாட்கள் எத்தனை? தேதிகளைப் பெரிது சிறிது என்று ஒப்பிடலாம் என்பதால் இது எளிது. இரண்டு தொடக்கங்களில் பிந்தியதை ‘மேக்ஸ்’ எடுத்துத் தரும், இரண்டு முடிவுகளில் முந்தியதை ‘மின்’ எடுத்துத் தரும்:

பொதுத்தொடக்கம் = மேக்ஸ்(டேட்(2026, 4, 15), டேட்(2026, 6, 1))
பொதுமுடிவு = மின்(டேட்(2026, 6, 14), டேட்(2026, 7, 31))

ஜூன் 1 முதல் ஜூன் 14. கழித்தால் 13, ஒன்றைக் கூட்டினால் 14 நாள். மீன் விலை ஏன் ஜூன் முதல் பாதியில் அப்படி ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வரியைக் காட்டலாம். விடுதி அறை முன்பதிவு, ஊழியர் விடுப்பு, வாடகைக் காலம் என்று இரண்டு காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் எந்தக் கணக்குக்கும் இதே வழிதான். பொதுத்தொடக்கம் பொதுமுடிவைத் தாண்டிப் போய்விட்டால் இரண்டும் சந்திக்கவே இல்லை என்று பொருள். அதையும் சோதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கழித்தல் குறியோடு நாட்கள் வரும்.

எழுதி வைத்த தேதியைப் படித்தல்

நோட்டுப் புத்தகத்தில் இருப்பது தேதி அல்ல, தேதி போல் தெரியும் எழுத்து. அதைத் தேதியாக மாற்றுவதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது.

1/11/1956 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள். நமக்கு அது நவம்பர் 1. அமெரிக்க வழக்கத்துக்கு அமைக்கப்பட்ட கணினி அதை ஜனவரி 11 என்று படிக்கும். முணுமுணுப்புக்கூட இல்லாமல் படிக்கும். அதே கணினியிடம் 26/12/2004 என்று கொடுத்தால் 26ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் தடுமாறும். விரிதாளில் இந்த இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தேதியாக ஏற்றுக்கொண்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், வெறும் எழுத்தாக விட்டவை இடப்பக்கம் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில வலமும் சில இடமுமாக நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நாள் 12க்குள் இருந்தவை எல்லாம் மாதமாக மாறியிருக்கும்.

பைத்தானில் எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம்:

இணைந்தநாள் = டேட்டைம்.எஸ்டிஆர்பிடைம்("1/11/1956", "%டி/%எம்/%ஒய்").டேட்()

எஸ்டிஆர் என்பது எழுத்துச் சரம்; அடுத்து வரும் ‘பி’ பிரித்துப் படிப்பது. அந்த இடத்தில் ‘எஃப்’ வந்தால் தேதியை எழுத்தாக வடிவமைப்பது. முதல் ஆறு மாதம் இந்த இரண்டையும் நீங்கள் மாற்றிப் போடுவீர்கள், எல்லோரும் போட்டவர்கள்தான். குறியீடுகளில் டி சிறிய எழுத்து, எம் சிறிய எழுத்து, ஒய் பெரிய எழுத்து. எம்மைப் பெரிய எழுத்தில் அடித்தால் அது மாதம் அல்ல, நிமிடம். 11ஆம் நிமிடம் என்று படித்துவிட்டு, மாதம் சொல்லப்படாததால் ஜனவரி என்று வைத்துக்கொள்ளும். அதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

ஒய்யைச் சிறிய எழுத்தில் போட்டால் இரண்டு இலக்க ஆண்டு. இங்கே ஒரு விதி இருக்கிறது: 69 முதல் 99 வரை 1900களில் விழும், 00 முதல் 68 வரை 2000களில் விழும். படகுத் தொழிலாளர்களின் பிறந்த தேதிகளை நான் இப்படித்தான் ஏற்றினேன். 12/5/65 என்று எழுதியிருந்த பெரியவருக்கு வயது கழித்தல் முப்பத்தொன்பது என்று வந்தது; அவர் 2065இல் பிறக்கப் போகிறவர் ஆகிவிட்டார். பிறந்த தேதி இன்றைய தேதியைத் தாண்டி நின்றால் நூறு ஆண்டைக் குறைத்துவிடுவது ஓரளவு பாதுகாப்பு. நான்கு இலக்கத்தில் எழுத வைப்பது முழுப் பாதுகாப்பு.

வயதுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்களை 365ஆல் வகுக்காதீர்கள். லீப் ஆண்டுகள் சேர்ந்து அறுபது வயதுக்காரருக்கு அரை மாதம் முன்பே பிறந்தநாள் வந்துவிடும். இந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள். இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். நம் பாட்டிமார் கணக்கும் அதுதான்.

படித்து முடித்ததும் சேமிப்பது எப்படி? ஒரே ஒரு வடிவம்: 1956-11-01. ஆண்டு, மாதம், நாள், இரண்டு இலக்கம் நிரப்பி. ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் இது. அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசையிலும் அமைந்துவிடும் என்பது இதன் பெரிய நன்மை. கோப்புகளுக்குப் பெயர் வைக்கவும் இதையே பயன்படுத்துங்கள். திரும்பப் படிக்க ‘ஃப்ரம்ஐஸோஃபார்மட்’ போதும், குறியீட்டுச் சண்டை இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் நம் வழக்கப்படி 1-11-1956 என்று மாற்றிக் காட்டுங்கள்.

கிழமை வேண்டுமானால் ‘வீக்டே’ என்று கேட்கலாம். இணைந்தநாள்.வீக்டே() என்றால் 3 வரும். திங்கள்தான் 0, எனவே 3 என்பது வியாழன். 1956 நவம்பர் 1 வியாழக்கிழமைதான். கிழமைப் பெயரைத் தமிழில் பெறக் கணினியின் மொழி அமைப்பை நோண்ட வேண்டாம், திங்களில் தொடங்கி ஏழு பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி அந்த எண்ணால் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கரைகள் நம் மாவட்டத்தில் நிறைய இருப்பதால், மைத்துனரின் நிரலில் 6 என்ற எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு.

நள்ளிரவைத் தாண்டும் கணக்கு

சென்னை எழும்பூரிலிருந்து மாலை 5.20க்குப் புறப்படும் ரயில் காலை 5.35க்குக் கன்னியாகுமரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நேரப் பயணம்? வெறும் நேரங்களைக் கழிக்க முயன்றால் பைத்தான் மறுத்துவிடும், அது நல்லதுதான். மாலை எந்த நாள், காலை எந்த நாள் என்று தெரியாமல் கழிக்க முடியாது. இரண்டுக்கும் தேதி சேர்த்து டேட்டைம் ஆக்கிக் கழித்தால் 12 மணி 15 நிமிடம் கிடைக்கும். நோட்டில் நேரம் மட்டும் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

குளச்சல் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் படகுகளில் இன்னொரு தவறு காத்திருக்கிறது:

சென்றது = டேட்டைம்(2026, 8, 3, 4, 0)
வந்தது = டேட்டைம்(2026, 8, 9, 7, 30)
இடை = வந்தது - சென்றது

இடை.செகண்ட்ஸ் என்று கேட்டால் 12,600 என்று வரும். அதாவது மூன்றரை மணி நேரம். ஆறு நாள் கடலில் கிடந்து வந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! பைத்தான் இடைவெளியை நாட்கள், மீதி வினாடிகள் என்று பிரித்து வைத்திருக்கிறது. ‘செகண்ட்ஸ்’ தருவது மீதியை மட்டும். முழுதும் வேண்டுமானால் ‘டோட்டல்_செகண்ட்ஸ்’ என்று கேட்க வேண்டும். 5,31,000 வினாடி, 3,600ஆல் வகுத்தால் 147.5 மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பும் படகை வைத்துச் சோதித்தால் இரண்டும் ஒரே விடையைத் தரும், பிழை வெளியே தெரியாது. சின்னமுட்டத்துக் கணக்கில் சரியாக ஓடிய நிரல் குளச்சலுக்குப் போனதும் காலை வாரியது இதனால்தான்.

எந்த ஊர்க் கடிகாரம்?

நாகர்கோவில் மணிமேடை 1890களில் கட்டப்பட்டது. இந்தியத் திட்ட நேரம் வந்தது 1906 ஜனவரி 1இல். ஆக, நம் ஊர் மணிக்கூண்டு இந்திய நேரத்தைவிட மூத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் தன் நேரம் இருந்தது. சென்னை நேரம் கிரீன்விச்சிலிருந்து 5 மணி 21 நிமிடத்தை ஒட்டி ஓடியது. இன்றைய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கன்னியாகுமரி 77.5 பாகையை ஒட்டி இருப்பதால், சராசரியாக 12.20க்குத்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வருகிறது. கடிகாரம் என்பது ஓர் ஒப்பந்தம். நிரலில் அந்த ஒப்பந்தத்தின் பெயரை எழுதி வைப்பதுதான் நேர மண்டலம்.

2004 டிசம்பர் 26 காலை. சுமத்ரா அருகே நிலநடுக்கம் நிகழ்ந்தபோது அங்கே கடிகாரத்தில் 7.58.53. நம் கரையில் அதே கணம் 6.28.53. உலகப் பொது நேரமான யுடிசியில் 0.58.53. மூன்றும் ஒரே கணம். குளச்சலிலும் மணக்குடியிலும் அலை ஏறியது அதற்குப் பிறகு. நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிடும் ஒருவர், ஓர் இடத்தின் கடிகாரத்தையும் இன்னோர் இடத்தின் கடிகாரத்தையும் கழித்தால் ஒன்றரை மணி நேரம் காணாமல் போகும்.

பைத்தானில் டேட்டைம் இரண்டு விதம். மண்டலம் தெரிந்தது, தெரியாதது. மேலே நாம் செய்தவை எல்லாம் தெரியாதவை. தெரிந்ததை இப்படி உருவாக்குவோம்:

ஃப்ரம் ஸோன்இன்ஃபோ இம்போர்ட் ஸோன்இன்ஃபோ
இந்தியா = ஸோன்இன்ஃபோ("ஏஷியா/கொல்கத்தா")
இப்போது = டேட்டைம்.நவ்(இந்தியா)

விண்டோஸ் கணினியில் மண்டலம் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பதற வேண்டாம். ‘டிஇஸட்டேட்டா’ என்ற பொதியை பிப் (பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி) மூலம் நிறுவினால் தீர்ந்தது. மண்டலம் தெரிந்ததையும் தெரியாததையும் கழித்தால் பைத்தான் உரக்கக் கத்தி மறுக்கும். அது கத்தும் மிகச் சில இடங்களில் இது ஒன்று, நன்றி சொல்லுங்கள்.

வேறு ஊர் நேரத்துக்கு மாற்ற ‘அஸ்டைம்ஸோன்’. துபாயில் இருப்பவருக்கு நம் நேரத்தைவிட ஒன்றரை மணி குறைவு. சவுதி, கத்தார், பஹ்ரைன், குவைத்தில் இரண்டரை மணி குறைவு. இந்த மாவட்டத்தில் இந்தக் கணக்கு குழந்தைகளுக்கே மனப்பாடம். அதனாலேயே நிரலில் இரண்டரை மணியைக் கையால் கழித்து எழுதும் ஆசை வருகிறது. வளைகுடாவுக்கு அது பலித்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் பலிக்காது. நம் இரவு 7 மணி என்பது நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 8.30, கோடையில் 9.30. 2026இல் மார்ச் 8 அன்று அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் 1 அன்று பின்னே இழுப்பார்கள். மண்டலத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தள்ளலும் இழுத்தலும் பைத்தானின் பொறுப்பு.

இனி என் பெரிய தவறு. நிரலை இணையத்தில் ஒரு சேவையகத்தில் ஏற்றியிருந்தேன். கிழக்குக் கரையில் தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. வலை, ஐஸ், டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு படகுகள் காத்திருக்கும் நேரம். 12 மணி அடித்தது. என் நிரல் ‘தடை நடப்பில் உள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி, இரண்டு மணி, அப்படியே. காலை 5.30க்குத்தான் மாறியது. அதற்குள் மைத்துனரின் படகு கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

5.30 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் பொறி தட்ட வேண்டும். சேவையகத்தின் கடிகாரம் யுடிசியில் இருந்தது. நமக்கு ஜூன் 15 பிறந்தபோது அதற்கு ஜூன் 14 மாலை 6.30தான். நான் எழுதியிருந்தது ‘டேட்.டுடே’. அது கணினி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் இன்றைய தேதியைத் தரும், படகு இருக்கும் இடத்தின் தேதியை அல்ல. ‘டேட்டைம்.நவ்(இந்தியா).டேட்()’ என்று மாற்றினேன், சரியானது. ஐந்தரை மணி நேரம் பிசகினால் யுடிசி என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1970 ஜனவரி 1 காலை 5.30 என்று ஒரு தேதி திடீரென்று திரையில் வந்தால், அது யுனிக்ஸ் காலக் கணக்கின் பூஜ்யம், அதாவது கணினிகள் வினாடிகளை எண்ணத் தொடங்கும் இடம். எங்கோ காலியாக விட்ட இடம் நேரமாக வேடம் போட்டிருக்கிறது.

பழைய பாடங்களைப் பார்த்துக் கற்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ‘யுடிசிநவ்’ என்ற செயற்கூறு யுடிசி நேரத்தைத் தரும், ஆனால் அது யுடிசி என்ற அடையாளத்தை ஒட்டாமல் தரும்; பைத்தான் 3.12 முதல் அதைக் கைவிடச் சொல்கிறார்கள். ‘பைடிஇஸட்’ என்ற பழைய பொதியை டேட்டைமுக்குள் நேரடியாகக் கொடுத்தால் இந்திய நேரம் 5.30க்குப் பதில் 5.53 என்று வரும். அது கொல்கத்தாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு உள்ளூர் நேரம். ஸோன்இன்ஃபோவில் அந்தத் தொல்லை இல்லை.

அதில் வேறொரு ஆச்சரியம் உண்டு. 1943இல் பிறந்த தாத்தாவின் நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள், 5.30க்குப் பதில் 6.30 என்று வரும். பிழை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின. ஜாதகம் கணிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் அந்த ஒரு மணியைக் குறைத்துக்கொள்வார்கள்.

மாதம் என்பது அளவு அல்ல

45 நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டுகிறவருக்கு அடுத்த வெட்டு எப்போது என்று சொல்வது எளிது: வெட்டியநாள் + டைம்டெல்ட்டா(டேஸ்=45). வாரத்துக்கும் இடம் உண்டு. மாதத்துக்கு இல்லை. 28 முதல் 31 வரை நீண்டும் சுருங்கியும் நிற்பதை எப்படிக் கூட்டுவது? அதற்கு ‘டேட்யுடில்’ என்ற பொதியை (பிப்பில் அதன் பெயர் ‘பைத்தான்-டேட்யுடில்’) நிறுவி, அதிலுள்ள ‘ரிலேட்டிவ்டெல்ட்டா’வைப் பயன்படுத்துங்கள். ஜனவரி 31இல் வாங்கிய கடனுக்கு ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 என்று கடைசி நாளில் நிறுத்தும்.

கவனம் வேண்டியது அடுத்த தவணையில். பிப்ரவரி 28இலிருந்து மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. அதன்பின் ஆயுளுக்கும் 28தான். ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்து கணக்கிடுங்கள்: ஜனவரி 31உடன் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று. அப்போது மார்ச் 31 சரியாக வரும்.

பைத்தானுக்குத் தெரியாத நாட்காட்டிகள்

அரசு அலுவலக வேலை நாட்களை எண்ண வேண்டுமானால் சனி ஞாயிறை நீக்குவதோடு முடியாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதை எந்தப் பொதியும் அறியாது. ஆண்டுதோறும் நீங்களே ஒரு தேதித் தொகுப்பைத் தட்டச்சு செய்து வைக்க வேண்டும். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரப் பார்க்கக் குமரி முனையில் கூட்டம் கூடும் சித்திரைப் பௌர்ணமியும் அப்படித்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பட்டியலில் எழுதுங்கள். சூத்திரம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள், அது வானியல்.

கடைசியாக, பழைய நிலப் பத்திரங்கள். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். பைத்தானின் டேட் 1 முதல் 9999 வரை எந்த ஆண்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், 1099 என்று கொடுத்தால் பேசாமல் பதினோராம் நூற்றாண்டுக்குப் போய்விடும். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது, நம் பக்கத்தில் ஆவணியில் புதிய ஆண்டு பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ளவற்றுக்கு 825ஐ. முதியவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது கொல்லம் 1099 ஆடி மாதம், அதாவது 1924 ஜூலை. 1099உடன் 825 சேர்த்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1 விழுவது 1132இல், அங்கே 824.

இது ஆண்டை மட்டுமே தரும். நாளைத் துல்லியமாக மாற்றப் பழைய பஞ்சாங்கம் வேண்டும். அதனால் பத்திரத் தேதிகளுக்கு இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் பத்திரத்தில் உள்ளது உள்ளபடி, எழுத்தாக, மற்றதில் நீங்கள் கணித்த ஆங்கில ஆண்டு. முதலாவதை ஒருபோதும் திருத்த வேண்டாம்.